வெள்ளிக்கிழமை மட்டும் சூடேறிய நட்சத்திரம்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் இருவருக்கும் வரவேற்பு. நான் ஓய்வு பெற்றுப் பேசுகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. மலைமேல் இருக்கும் தலைமை நிலையத்துக்கு மாற்றலாகிப் போகிறேன், அவ்வளவுதான். அங்கே ஏறியவர்கள் யாரும் இந்தத் தீவுக்குத் திரும்பி வந்ததில்லை என்பதால் இங்குள்ளவர்கள் இரண்டையும் ஒன்றாகவே கருதுகிறார்கள். பிரிவுபசாரத்துக்குக் காராசேவுகூட வந்துவிட்டது.

தொலைநோக்கியை எப்படித் திருப்புவது, ஒளிமானியின் முள்ளை எப்படிப் படிப்பது, கண்ணாடியில் படியும் உப்பை எதைக் கொண்டு துடைப்பது என்பதெல்லாம் உங்களுக்குத் தரப்பட்ட கையேட்டில் இருக்கிறது. நல்ல கையேடுதான். உங்கள் மேலதிகாரி ஒரு கண்டுபிடிப்பை நிகழ்த்திவிட்டால் என்ன செய்வது என்பது மட்டும் அதில் இல்லை. அந்தக் குறையை நிரப்பிவிட்டுப் போகலாம் என்று பார்க்கிறேன்.

முதலில் நட்சத்திரம். ஆனி மாதத்தில் இருட்டியதும் நிலையத்தின் பின்வாசலில் தெற்கே பார்த்து நில்லுங்கள். கையை நீட்டி, கடல் விளிம்பிலிருந்து ஒரு சாண் அளந்தால் பளிச்சென்று நிற்பது ஆல்ஃபா சென்டாரி. அதற்கு மேற்கே மூன்று விரல் தள்ளி நிற்பது பீட்டா சென்டாரி. சூரியனை விட்டுவிட்டால், வெறும் கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்களில் நமக்கு மிக அருகில் இருப்பது ஆல்ஃபாதான். அருகில் என்றால், அங்கிருந்து கிளம்பும் ஒளி இங்கே வந்து சேர நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். நம் அலுவலகக் கோப்புகளோடு ஒப்பிட்டால் வேகம்தான்.

ஒன்றாகத் தெரிவது உண்மையில் இரண்டு. ஒன்று நம் சூரியனின் சாயல்: கொஞ்சம் பெரியது, அதே மஞ்சள், ஏறக்குறைய அதே சூடு. மற்றது சற்றுச் சிறியது, ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்தது. இரண்டும் ஒன்றையொன்று சுற்றிவர ஏறக்குறைய எண்பது ஆண்டு எடுத்துக்கொள்கின்றன. அவசரம் இல்லை, ஆர்ப்பாட்டம் இல்லை, வெளிச்சத்தில் ஏற்ற இறக்கம் இல்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் எதிர்பார்க்கும் குணங்கள் எல்லாம் ஒருங்கே அமைந்த நட்சத்திரம்.

இதை நீலக் கண்ணாடி வழியாக ஒரு முறை, மஞ்சள் கண்ணாடி வழியாக ஒரு முறை அளப்பதுதான் எங்கள் வேலை. நீலம் அதிகமாக இருந்தால் நட்சத்திரம் சூடானது, குறைந்தால் ஆறியது. நேரடியாக அளந்து பயனில்லை, பக்கத்தில் ஒரு மாறாத நட்சத்திரத்தை வைத்து ஒப்பிட வேண்டும். பக்கத்தில் பீட்டா இருக்கிறது. ஆனால் எங்களுக்கு அனுமதிக்கப்பட்ட ஒப்பீட்டு நட்சத்திரம் சுவாதி. அது நம் உச்சந்தலைக்கு மேலே நிற்கிறது. இந்தத் திட்டத்தை மலைமேல் உட்கார்ந்து எழுதினார்கள். அவர்களுடைய தெற்குத் திசையை ஒரு மலைமுகடும் யூக்கலிப்டஸ் மரங்களும் மறைத்துக்கொண்டிருப்பதால் பீட்டாவை அவர்கள் பார்த்திருக்க நியாயமில்லை.

நான் அப்போது தகுதிகாண் பருவத்தில் இருந்தேன். நிலையத்தில் ஒரே பெண். ஊரில் அய்யா ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருந்தார். பரமக்குடிப் பக்கம் எங்களுக்கு மிளகாய் விவசாயம். பக்கத்து ஊரில் ஒரு ரைஸ் மில்லும், அதற்கு ஒரு மாப்பிள்ளையும் இருந்தார்கள்.

“வேல நெலையாச்சுன்னா நான் ஒண்ணும் சொல்லல தாயி” என்றார் அய்யா, என்னைப் பாம்பன் ரயிலில் ஏற்றிவிடும்போது. “ஆகலேன்னா பேசாம வந்துரணும். மில்லுக்காரவுக ரொம்ப நாள் காத்திருக்க மாட்டாக.”

அந்த ஆனியில் என் அளவுகள் தகராறு செய்ய ஆரம்பித்தன. ஆல்ஃபா சென்டாரி மங்கியது. மஞ்சளில் கொஞ்சம், நீலத்தில் நிறைய. சுவாதி மட்டும் அசையாமல் இருந்தது. இரண்டு வாரம் போனதும் இன்னொன்றும் தெரிந்தது: வாரத்தில் ஆறு நாள் நட்சத்திரம் மங்கிச் சிவந்து கிடக்கும். வெள்ளிக்கிழமை மட்டும் பழையபடி பளிச்சென்று இருக்கும்.

நிலையப் பொறுப்பாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, தொலைநோக்கியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஆராய்ந்தார். அவர் சொன்ன காரணங்களை வரிசைப்படுத்தியே நினைவில் வைத்திருக்கிறேன். ஒன்று, என் கண்ணாடி வளையல் ஒளிமானியைத் தொந்தரவு செய்கிறது. இரண்டு, தலையில் வைத்த பூவின் வாசம் கவனத்தைக் கலைக்கிறது. யாருடைய கவனத்தை என்று அவர் சொல்லவில்லை. மூன்று, பெண்களுக்கு மாலையில் கண் சோர்ந்துவிடும்.

“முள்ளு காட்டுறதைத்தான் சார் எழுதுறேன்” என்றேன்.

“முள்ளு சரியாத்தான்மா காட்டும். படிக்கிறவங்க சரியாப் படிக்கணும்.”

“வெள்ளிக்கிழமை மட்டும் சரியாப் படிச்சிடுறேனா சார்?”

“அன்னிக்குத் தலை முழுகிட்டு வர்றேல்ல. கண்ணு குளிர்ந்திருக்கும்.”

இதற்கு இயற்பியலில் பதில் கிடையாது. வளையலைக் கழற்றினேன், பூவை விட்டேன், ஒரு வெள்ளிக்கிழமை தலை முழுகாமல் போனேன். நட்சத்திரம் இவை எதையும் பொருட்படுத்தவில்லை. பொறுப்பாளர் என்னை அளவெடுப்பிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டு, அந்த வேலையைச் செல்லத்துரையிடம் ஒப்படைத்தார். செல்லத்துரை என் வயதுக்காரர், முதுகுளத்தூர்ப் பக்கம், எனக்குப் பிறகு சேர்ந்தவர். முள்ளைப் படிக்க அவருக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான்.

அவருக்கும் நட்சத்திரம் மங்கியது. அவருக்கும் வெள்ளிக்கிழமை தெளிந்தது.

பொறுப்பாளர் அன்று நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார். “டிஸ்கவரி” என்றார்.

கவனித்துக்கொள்ளுங்கள். அதே நட்சத்திரம், அதே முள், அதே அளவு. என் கையில் இருந்தபோது அது பார்வைக் கோளாறு. செல்லத்துரையின் கைக்குப் போனதும் கண்டுபிடிப்பு. செல்லத்துரைக்கே கூச்சமாகப் போய்விட்டது.

“ஏங்க, இது ஒங்க அளவுதானங்க” என்றார் என்னிடம், வராந்தாவில். “நான் சும்மா பாத்து எழுதுனேன். இவரு என்னைய விஞ்ஞானிங்கிறாரு. எங்க வீட்டுல கேட்டா சிரிப்பாக.”

“வளையல் போடாத விஞ்ஞானி” என்றேன்.

பொறுப்பாளர் தலைமை நிலைய இயக்குநருக்குக் கடிதம் எழுதிவிட்டார்: நமக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரம் ஏழு நாளுக்கு ஒரு முறை சூடேறுகிறது, மற்ற நாட்களில் ஆறுகிறது, இதுவரை உலகில் யாரும் இதைக் கவனித்ததில்லை. கடைசி வாக்கியம் முழுக்க உண்மை. இயக்குநர் நேரில் வந்து பார்ப்பதாகப் பதில் எழுதினார். இரண்டு வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை.

அதற்குள் அறிக்கை தயாரானது. முதலில் அளந்தவள் என்ற முறையில் நானும் கையெழுத்திட வேண்டுமாம். என் கண் சோர்வு அதற்குள் குணமாகிவிட்டிருந்தது. கையெழுத்திட்டு, பிறகு அது தவறென்று ஆனால், பொய்யான அளவு கொடுத்த தகுதிகாண் ஊழியர் என்று வீட்டுக்கு அனுப்புவார்கள். கையெழுத்திடாவிட்டால், கீழ்ப்படியாத தகுதிகாண் ஊழியர் என்று அனுப்புவார்கள். இரண்டு வழியும் ரைஸ் மில் வாசலில்தான் போய் நின்றன.

உட்கார்ந்து யோசித்தேன். இந்தத் தீவில் வாரத்துக்கு ஒரு முறை நடப்பவை எவை? சந்தை. வண்ணார் வருவது. பொறுப்பாளரின் எண்ணெய்க் குளியல். பள்ளிக்கூட விடுமுறை. எல்லாமே மனிதர்கள் செய்வது. வானத்தில் எதற்கும் கிழமை தெரியாது. அப்படியே தெரிந்தாலும், இன்று நாம் பார்க்கும் ஒளி நான்கு ஆண்டுகளுக்கு முன்பே அங்கிருந்து கிளம்பிவிட்டது. நான்கு ஆண்டும் சில மாதமும் கழித்து இராமேசுவரத்தில் என்றைக்கு வெள்ளிக்கிழமை வரும் என்று பஞ்சாங்கம் பார்த்துச் சூடேறி இருந்தால்தான் இது நடக்கும்.

செல்லத்துரையைக் கேட்டுக்கொண்டு, ஒரு மாலையில் அனுமதியில்லாத காரியம் ஒன்றைச் செய்தேன். தொலைநோக்கியை மூன்று விரல் மேற்கே தள்ளி பீட்டாவை அளந்தேன். அதுவும் மங்கியிருந்தது. வெள்ளிக்கிழமை அதுவும் தெளிந்தது. பீட்டா ஆல்ஃபாவின் சொந்தக்காரர் அல்ல. நம் பார்வைக்கு ஒரே தெருவில் நிற்கிறதே தவிர, அது நூற்றுக்கணக்கான ஒளியாண்டு தள்ளி இருக்கும் வேறொரு நட்சத்திரம். இரண்டும் சேர்ந்து மங்கினால் கோளாறு அவற்றிடம் இல்லை, நமக்கும் அவற்றுக்கும் நடுவில் இருக்கிறது.

இதோடு முடிந்தது என்று நினைத்து ஓடினேன். பொறுப்பாளர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். முகம் மலர்ந்தது.

“அப்போ ரெண்டு டிஸ்கவரி” என்றார்.

அன்று நான் கற்றது இதுதான்: ஒருவர் கண்டுபிடிப்பை நிகழ்த்திவிட்ட பிறகு, நீங்கள் கொண்டுபோகும் எதிர்ச்சான்று எல்லாம் அவருக்குக் கூடுதல் சான்று. வாதம் செய்து பயனில்லை. நடுவில் இருப்பது எது என்று கண்ணெதிரே காட்ட வேண்டும். அது எது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

இயக்குநர் வருகிறார் என்பதற்காக நிலையம் முழுவதும் வெள்ளையடிக்கப் பொறுப்பாளர் உத்தரவிட்டிருந்தார். தென்மேற்குக் கரையில் அந்த ஆண்டுதான் கீழக்கரை மரைக்காயர் ஒருவர் சுண்ணாம்புக் காளவாய் போட்டிருந்தார். கடலிலிருந்து எடுத்த முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறைத் துண்டுகளை, அடுக்கி, பனைமட்டையும் கரியும் போட்டு எரித்துச் சுண்ணாம்பாக்குவார்கள். மீன் வாங்கப் போகும்போது நாங்கள் எல்லோரும் தினமும் அதைத் தாண்டித்தான் போவோம். சுண்ணாம்பு வாங்கச் சொல்லிச் செல்லத்துரையை அனுப்பினார்கள். வெறும் சாக்கோடு திரும்பி வந்தார்.

“என்ன, கிடைக்கலையா?”

“இன்னைக்கு அங்கன ஒரு ஆளு இல்லங்க. வெள்ளிக்கிழமை அடுப்பு மூட்டுறதில்லையாம். மத்த நாளு அந்திக்குத் தொழுதுட்டு மூட்டுனா விடியுற வரைக்கும் எரியுமாம். நாளைக்கு வாங்கன்னாக.” கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். “ஏங்க, ஏன் சிரிக்கிறீக?”

இரண்டு பேரும் பின்வாசலுக்கு வந்து நின்றோம். ஆனி ஆடியில் இங்கே வீசுவது கச்சான் காற்று, மேற்கிலிருந்து வரும். காளவாய்ப் புகையை மேலே விடாமல் கடலோரமாகப் படுக்க வைத்து, எங்களுக்குத் தெற்கே நீளமாக இழுத்துக்கொண்டு போகும். எங்கள் மூக்குக்கு வாசம் எட்டாது. இருட்டில் கண்ணுக்கும் தெரியாது. தெற்கே தாழ்வாக நிற்கும் நட்சத்திரங்களுக்கு மட்டும் அது ஒரு திரை. புகை நீலத்தை அதிகமாகத் தின்னும், அதனால் நட்சத்திரம் ஆறியதுபோல் தெரியும். உச்சியில் நிற்கும் சுவாதிக்கு இதில் சம்பந்தமே இல்லை. அன்று வெள்ளிக்கிழமை. தெற்கு வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது.

மறுநாள் காலையில் மரைக்காயரைப் பார்க்கப் போனோம். இந்தத் தீவில் படித்த பெண் என்றால் எல்லோருக்கும் டீச்சர்தான். அவருக்கும் நான் டீச்சர்.

“வாங்க டீச்சர். சுண்ணாம்புக்கு நீங்களே வந்துட்டியளா? ஒங்க ஆபீசரு அவசரம்னு ரெண்டு தடவ ஆளனுப்பிட்டாரு. இன்னையிலருந்து கூடவே ஒரு காளவாய் மூட்டுறோம்.”

பொறுப்பாளரே தன் கண்டுபிடிப்புக்குக் கூடுதல் புகை ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்.

“செவ்வாய்க்கிழமை மட்டும் ஒரு உதவி வேணும் பாய்” என்றேன். “மூட்டுறதக் கொஞ்சம் தள்ளிப் போட முடியுமா?”

“வேகமா வேணுமுன்னு அவரு சொல்லுறாரு, மெதுவா வேணுமுன்னு நீங்க சொல்லுறிய. ஒரே ஆபீசுதானே?”

“ஒங்க புகை ஒரு நட்சத்திரத்த மறைக்குது பாய்.”

அவர் தெற்கே பார்த்தார். பகல் வானம். “எந்த நட்சத்திரம்?”

“சூரியன் மாதிரியே ஒண்ணு. ரொம்ப தூரத்துல எரியுது.”

“எத வச்சு எரிக்கிறாக?”

“ஹைட்ரஜன்.”

“பனமட்டைய விட நல்லதா?”

“பல கோடி வருசம் எரியும்.”

“அங்கன வெள்ளிக்கிழம லீவு கெடையாதாக்கும்” என்றார். செல்லத்துரை கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். மரைக்காயர் சிறிது யோசித்தார். “மஃரிபு தொழுதுட்டு மூட்டுறது வழக்கம். அன்னைக்கு இஷா தொழுகையும் முடிச்சுட்டு மூட்டச் சொல்லுறேன். அதுக்கு மேல தள்ள முடியாது டீச்சர், கடக்காத்து ஈரத்துல கல்லு நனைஞ்சு போயிரும்.”

அதுவே போதுமாக இருந்தது. சொல்லப்போனால், முழுக்க நிறுத்துவதைவிட அதுதான் நல்லது. அந்தித் தொழுகையான மஃரிபுக்கும் இரவுத் தொழுகையான இஷாவுக்கும் நடுவில் இருட்டிவிடும். நட்சத்திரம் தெளிவாக இருக்கும். இஷா முடிந்ததும் அது எல்லார் கண்ணெதிரிலும் ஆறத் தொடங்கும்.

இப்போது முடிவு எடுக்க வேண்டியிருந்தது. பேசாமல் இருந்துவிட்டால் பொறுப்பாளர் இயக்குநர் முன்னால் தானாகவே விழுவார். எனக்கு அதில் மகிழ்ச்சி இருந்திருக்காது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் என் பணி உறுதி அறிக்கையை எழுதப் போகிறவர் அவர்தான். விழுந்தவர்கள் நல்ல அறிக்கை எழுதி நான் பார்த்ததில்லை. செவ்வாய்க்கிழமை மதியம் அவர் அறைக்குப் போனேன். மேசையில் அறிக்கை என் கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

“சார், இன்னைக்குக் காளவாய் இஷாவுக்கு அப்புறம்தான் மூட்டுறாங்க. முதல் அளவு வெள்ளிக்கிழமை அளவு மாதிரி வரும். அப்புறம் மங்கும். புகைதான் சார்.”

அவர் அறிக்கையை என் பக்கம் நகர்த்தினார். “நான் டைரக்டருக்கு லெட்டர் போட்டாச்சும்மா. இப்ப வந்து புகைங்கிற.”

“இன்னும் நேரம் இருக்கு சார்.”

“கையெழுத்து?”

“டைரக்டர் பாத்தப்புறம் போடுறேன் சார்.”

“அப்படின்னா உன் கன்ஃபர்மேஷனும் டைரக்டர் பாத்தப்புறம்தான். போய் பின்பக்கச் சுவருக்கு வெள்ளையடிச்சாச்சான்னு பாரு.”

போய்ப் பார்த்தேன். அடித்திருந்தார்கள்.

மாலையில் இயக்குநர் வந்தார். சுவெட்டர் போட்டிருந்தார், மலையிலிருந்து வருகிறவர்களுக்கு அதைக் கழற்ற நினைவிருப்பதில்லை. பொறுப்பாளர் ஏழு நாள் வட்டத்தைப் பற்றி நீளமாகப் பேசினார். செவ்வாய்க்கிழமையில் நட்சத்திரம் மங்கியிருக்கும் என்றார். செல்லத்துரை அளந்து சொன்னார். மங்கவில்லை. மஞ்சளும் நீலமும் சூரியனுக்குரிய அளவில், பாடப்புத்தகத்தில் உள்ளபடியே இருந்தன.

“இது சாதாரணமாத்தானே இருக்கு?” என்றார் இயக்குநர்.

பொறுப்பாளர் முதலில் செல்லத்துரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வளையல் இருக்கிறதா என்று பார்த்தாரோ என்னவோ. தூரத்தில் பள்ளிவாசலில் இஷாவுக்கான பாங்கு கேட்டது. நான் சொன்னது ஒரே வாக்கியம்.

“தொழுகை முடிஞ்சு கொஞ்ச நேரம் ஆகட்டும் சார்.”

“நட்சத்திரத்துக்கும் தொழுகைக்கும் என்னம்மா சம்பந்தம்?”

பொறுப்பாளரைப் பார்த்தேன். அவர் தப்பிக்க மதியம் நான் திறந்து வைத்துவிட்டு வந்த வாசல் அது. நுழைவதும் நுழையாததும் அவர் விருப்பம்.

அவரைக் குறைத்து மதிப்பிட்டிருந்தேன். தொண்டையைச் சரிசெய்துகொண்டார். “அதைத்தான் சார் காட்டப் போறோம்” என்றார். “மாற்றம் நட்சத்திரத்துல இல்லையோன்னு எனக்கு ஆரம்பத்துலேர்ந்தே ஒரு சந்தேகம். ஒரு சோதனை ஏற்பாடு பண்ணியிருக்கேன்.”

செல்லத்துரையின் வாய் திறந்தது. அவர் காலை மெதுவாக மிதித்தேன்.

தென்மேற்கே சிவப்பாக ஒரு புள்ளி கிளம்பியது. சற்றுப் பொறுத்து முள் இறங்கத் தொடங்கியது. நீலம் முதலில், பிறகு மஞ்சள். இயக்குநர் தானே குனிந்து பார்த்தார். தொலைநோக்கியைப் பீட்டாவுக்குத் திருப்பினேன், அதுவும் இறங்கியிருந்தது. சுவாதி இருந்த இடத்தில் இருந்தது. இயக்குநர் நிமிர்ந்து பொறுப்பாளரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவசரப்பட்டு அறிவிக்காமல் சோதித்துப் பார்க்கும் பொறுமை இந்தத் துறையில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று கேட்டார். பொறுப்பாளர் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

பழைய அறிக்கை மேசையிலிருந்து மறைந்தது. கடலோரப் புகை நட்சத்திர ஒளியை எப்படிப் பாதிக்கிறது என்று புதிய அறிக்கை ஒன்று பொறுப்பாளர் பெயரில் வந்தது. கீழே உதவி என்று என் பெயரும் செல்லத்துரை பெயரும் இருந்தன. இதில் தவறான எண் ஒன்றுகூட இல்லை என்பதால் கையெழுத்திட்டேன். ஒப்பீட்டுக்குப் பீட்டாவைப் பயன்படுத்தலாம் என்று மலையிலிருந்து அனுமதி வந்தது. நீங்கள் இருவரும் இன்று பீட்டாவை அளப்பது அதனால்தான். பணி உறுதி அறிக்கையில் பொறுப்பாளர் என்னைப் பற்றி எழுதியது ஒரே வரி: தரப்படும் அறிவுரைகளை வழுவாமல் பின்பற்றுபவர்.

அவர் தந்த அறிவுரை என்றால், முன்பு சொன்ன அந்த மூன்று காரணங்கள்தான். வளையல் இப்போதும் போட்டிருக்கிறேன்.

உங்களுக்கும் ஒரு நாள் ஒரு கண்டுபிடிப்பு வந்து சேரும். உங்களுடையதாகவே இருந்தால் இன்னும் ஆபத்து. அப்போது பக்கத்து நட்சத்திரத்தைப் பாருங்கள். பிறகு வெளியே போய், அந்த நேரத்தில் ஊரில் யார் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். கண்டுபிடிப்பு யார் பெயரில் போகிறது என்பதைக் கடைசியில் பார்க்கலாம். அளவு சரியாக இருக்கிறதா என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அப்போது பணி உறுதி உத்தரவு வந்ததும் விடுப்பு எடுத்து ஊருக்குப் போனேன். அய்யா களத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். காகிதத்தை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“அப்படி என்னத்தத் தாயி கண்டுபிடிச்ச?”

“நட்சத்திரம் மாறலைன்னு கண்டுபிடிச்சேன்யா.”

கொஞ்ச நேரம் மிளகாயைக் கிளறினார். “மாறலைன்னு சொல்லவா சம்பளம் குடுக்காக?”

“மாறுதுன்னு சொல்ல ஏற்கெனவே ஆள் இருக்குய்யா.”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சைக்கிளை எடுத்தார்.

“எங்கய்யா கெளம்பிட்டீக?”

“மில்லுக்காரவுகட்ட சொல்லிட்டு வாரேன்” என்றார். “காத்திருக்க வேணாம்னு.”